ஓவனில் 0.4 மெகாஓம்: எலிமென்டை உடனே மாற்ற வேண்டாம்

ஆறு மாதம் சும்மா கிடந்த ஓவன், 500 வோல்ட் மெகரில் (மின்காப்பை, அதாவது இன்சுலேஷனை அளக்கும் கருவி) மின் ஒயர்களுக்கும் உலோக உடலுக்கும் இடையே 0.4 மெகாஓம்தான் காட்டுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் ஈரம்தான். எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) குழாய்க்குள் அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள், முனை சீல் வழியாகக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, எலிமென்டின் இரண்டு ஒயரையும் பிரித்து அதைத் தனியாக அளந்து பாருங்கள். அது நன்றாக இருந்தால் கோளாறு டெர்மினலிலோ ஒயரிங்கிலோ இருக்கும்.

எலிமென்டில்தான் குறைவென்றால், முதலில் எர்த் தொடர்ச்சி: பிளக்கின் எர்த் பின்னிலிருந்து உலோக உடலுக்கு, ஒயரை ஆட்டிக்கொண்டே அளங்கள். ஒயரின் மின்தடை போக 0.1 ஓமுக்குள் இருந்தால், மீண்டும் இணைத்துக் குறைந்த சூட்டில் அரை மணி நேரம் ஓட்டி, ஆறியபின் பிளக்கைக் கழற்றி மெகரில் மறுபடி அளங்கள். 1 மெகாஓமைத் தாண்டினால் சரி. ஆர்சிடி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆனால் எர்த்தைக் கழற்றி ஓட்டும் வேலை மட்டும் வேண்டாம், எலிமென்டை மாற்றுங்கள்.

முதலில் மெகரில் அளக்கும்போது, பிளக் கழன்றிருக்க, ஓவனின் சொந்த சுவிட்ச் ஆனில் இருந்ததா? ஆஃபில் அளந்தால் மெகர் எலிமென்டை முழுதாகப் பார்த்திருக்காது.