சைவ உணவுக்காரர் ஹைதிலாவ் ஹாட்பாட் கடையில் சாப்பிட முடியுமா?

முடியும். நான் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு முறை அல்ல, ஷாங்காயில் வேலை பார்த்த 2 ஆண்டுகளில் 11 முறை. ஹாட்பாட் என்பது மேசையிலேயே கொதிக்கும் சாற்றில் இறைச்சியையும் காய்கறியையும் போட்டு வேகவைத்து எடுத்துச் சாப்பிடும் சீனச் சாப்பாடு. அதற்கான சங்கிலிக் கடைதான் ஹைதிலாவ்.

அடுத்த மாதம் வேலைக்காக ஷாங்காய் போகிறீர்கள், உடன் வேலை செய்கிறவர்கள் முதல் வாரமே ஹைதிலாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார்கள், "எல்லோரும் ஒரே சட்டியில் போட்டு எடுப்பார்களாமே, நான் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரே சட்டி என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குப் பழையதெல்லாம் வந்துவிட்டது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. "போன ஊரில் கிடைத்ததைச் சாப்பிட வேண்டியதுதானே" என்றும், "இதெல்லாம் சாதிப் பெருமை" என்றும் எழுதுவதற்குச் சிலர் காத்திருப்பார்கள். என் வீட்டில் எல்லோரும் ஆடு, கோழி, மீன் சாப்பிடுகிறவர்கள். நான் பெயர் வைத்து வளர்த்த கோழி ஒரு நாள் குழம்பில் கிடந்தது. அப்போது எனக்கு 9 வயது. அன்றைக்கு நிறுத்தியதுதான். இறைச்சி சாப்பிடுகிறவர்களை மட்டம் என்று நான் நினைத்தால் என் அம்மாவையே அப்படிச் சொன்னதாகிவிடும். ஆகவே அந்தப் பேச்சு வேண்டாம்.

ஷாங்காய் போன புதிதில் எங்கள் குழுவில் ஐந்து பேர். குழுத் தலைவரும் தமிழர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை தோறும் ஹாட்பாட். அது ஹைதிலாவ் அல்ல, பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு சங்கிலிக் கடை. அங்கே சோங்சிங் என்ற தென்மேற்குச் சீன நகரத்தின் பாணியில் ஒரு பெரிய வட்டச் சட்டி, அதற்குள் ஒன்பது கட்டம் போட்ட உலோகத் தடுப்பு. "இந்த மூலைக் கட்டம் உனக்கம்மா. வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள்" என்றார் அண்ணன். சிவப்பாக இருந்த சாற்றைக் காட்டிக் கேட்டேன். மிளகாயும் எண்ணெயும்தான் என்றார். நம்பினேன். முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் டோஃபு என்கிற சோயாக் கட்டியும் போட்டுச் சாப்பிட்டேன். சுவையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. எல்லோரும் சாப்பிட்டு முடித்து அடுப்பை அணைத்தாகிவிட்டது, பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் கரண்டியின் விளிம்பில் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், மெழுகுபோல் உதிர்ந்தது. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஆறினால் இப்படி உறையாது என்பது அடுப்படியில் நின்ற யாருக்கும் தெரியும். சட்டியைப் பார்த்தேன், ஓரமெல்லாம் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற பையன் வந்து ஒரு கொக்கியால் அந்தத் தடுப்பைத் தூக்கினான். ஒன்பது கட்டமும் ஒன்றாக மேலே வந்தன. கீழே ஒரே சட்டி, ஒரே சாறு, அடியில் இரைப்பைத் துண்டுகளும் இறைச்சித் துணுக்குகளும். என் மூலை என்று ஒன்று இருந்ததே இல்லை.

சோங்சிங் பாணிக் காரச் சாற்றுக்கு அடிப்படையே மாட்டுக் கொழுப்புதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒன்பது கட்டத் தடுப்பு, எதை எங்கே போட்டோம் என்று தேடாமல் எடுப்பதற்காக வைப்பது. சாற்றை அது பிரிப்பதில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. என் கோபமெல்லாம் அண்ணன் சொன்னதில்தான். "தெரியாமல் சாப்பிட்டால் பாவம் இல்லை, விடு." நான் பாவத்துக்குப் பயந்து நிறுத்தியவள் இல்லை. ஆறு ஆண்டுகளாக அந்த ஊரில் இருந்தவருக்கு அந்தச் சட்டியின் அடி தெரியாதா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் வெளியே சாப்பிடவே இல்லை. அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு சீனப் பெண்தான் ஹைதிலாவுக்குப் போய்ப் பார் என்றாள். 1994இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஜியான்யாங் என்ற ஊரில் நான்கு மேசையோடு தொடங்கி, சாப்பாட்டைவிட உபசரிப்பால் பெயர் வாங்கிய கடை அது. 2012இல் சிங்கப்பூரில் கிளை திறந்தார்கள், 2018இல் ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். நான் அவர்களுக்கு விளம்பரம் எழுதவில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

தனியாகப் போனேன். தனியாகப் போகும் பெண்ணைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைக்கிற கடைகளை நிறையப் பார்த்திருந்ததால் வாசலிலேயே கால் தயங்கியது. இங்கே ஜன்னல் ஓரம் நான்கு பேர் மேசை கொடுத்தார்கள். பரிமாறுகிற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். முன்னால் கட்டிக்கொள்ள ஏப்ரன், தலைமுடிக்கு ரப்பர் பேண்ட், சாறு தெறிக்காமல் போனை வைக்க ஒரு சிறு பிளாஸ்டிக் உறை, கண்ணாடி துடைக்கத் துணி, எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். பிறகு ஒரு பெரிய கரடி பொம்மையைத் தூக்கி வந்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள். தனியாக வருகிறவர்களுக்கு அங்கே அப்படிச் செய்வார்கள். வீட்டை விட்டு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன்: இந்தச் சாற்றில் இறைச்சியோ எலும்போ கொழுப்போ இருக்கிறதா? அவள் இரண்டு முறை படித்தாள். உள்ளே ஓடிப் போய்க் காரச் சாற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்து, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். போன் கேமராவில் பார்த்தால் மாட்டுக் கொழுப்பு. வேண்டாம் என்று தலையாட்டினாள். தக்காளிச் சாற்றைக் காட்டிக் கேட்டேன், அதற்கு அவள் உறுதி சொல்லவில்லை. கடைசியில் படத்தில் வெறும் தண்ணீர்ச் சட்டியைத் தொட்டுக் காட்டினாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள் பாருங்கள், அதற்காகவே மறுபடியும் மறுபடியும் அங்கே போனேன்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். தண்ணீர்ச் சட்டி கேளுங்கள். தக்காளி, காளான் என்று பெயர் இருந்தால் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். கோழிச்சாறோ கோழிப்பொடியோ சேர்ப்பது சீனச் சமையலில் சாதாரணம். ஹைதிலாவில் நான்காகப் பிரித்த சட்டி வரும், அதில் ஒரு பாகத்தைத் தண்ணீருக்கு வைக்கலாம். ஆனால் கொதிக்கும்போது பக்கத்துச் சாறு தெறிக்கும், நண்பர்களின் சாப்ஸ்டிக் மறந்துபோய் உள்ளே வரும். உங்களுக்கு அது பரவாயில்லை என்றால் சரி. எனக்குப் பரவாயில்லை என்று இல்லை.

தண்ணீரில் என்ன சுவை என்று கேட்பீர்கள். சுவை சாஸ் மேசையில் இருக்கிறது. எள் விழுது, நசுக்கிய பூண்டு, கொத்தமல்லி, வெங்காயத்தாள், பச்சை மிளகாய், கொஞ்சம் வினிகர். இதைக் கலந்தால் சோற்றுக்கே போட்டுப் பிசையலாம். அதே வரிசையில் சிப்பி சாஸும் மாட்டிறைச்சித் துணுக்கு கலந்த சாஸும் இருக்கும், பார்த்து எடுங்கள். காய்கறியைப் பாதி அளவாகவும் கேட்கலாம் என்பதால் ஒரே ஆள் ஐந்தாறு வகை சாப்பிட முடியும். தாமரைத்தண்டை இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், நறுக்கென்று இருக்க வேண்டும். உறைய வைத்த டோஃபுவைக் கடைசிவரை விடுங்கள், பஞ்சுபோல் சாற்றை உறிஞ்சி வைத்திருக்கும், ஆனால் வாயில் போடுமுன் ஆற வையுங்கள். கையால் இழுக்கும் நூடுல்ஸ் ஒன்று கட்டாயம் சொல்லுங்கள். ஒரு பையன் மேசைக்கே வந்து மாவை நாடாவாக இழுத்து, தலைக்கு மேல் சுழற்றி ஆடிக்கொண்டே சட்டிக்குள் விடுவான்.

"வோ ச்சி ஸூ" என்றால் நான் சைவம் என்று பொருள். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் 15ஆம் நாளும் சைவம் இருப்பவர்கள் அங்கேயும் உண்டு, அதனால் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். பௌத்தச் சைவத்தில் பூண்டும் வெங்காயமும் கிடையாது, அவற்றைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டால் குழம்ப வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், காசு. அந்த வெள்ளிக்கிழமைகளில் நான்கு பேர் ஆட்டிறைச்சியும் இரைப்பையும் பீரும் தட்டுத் தட்டாக வாங்குவார்கள், நான் முட்டைக்கோஸ் சாப்பிடுவேன், பில்லை ஐந்தால் வகுத்து அன்றிரவே வீச்சாட் செயலியில் கேட்டுவிடுவார் அண்ணன். ஒரு முறை 112 யுவான் கொடுத்தேன். கஞ்சத்தனம் என்று சொல்லாதீர்கள். நான் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். சேர்ந்து சாப்பிடும்போது கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் எப்போதும் அதிகமாகச் சாப்பிட்டவர்களாகவே இருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பும் முன் குழுவோடு ஹைதிலாவுக்குப் போனோம், இடம் நான் சொன்னது. தனிச் சட்டி கேட்டு வாங்கினேன். இரவு வழக்கம்போல் ஐந்தில் ஒரு பங்கு கேட்டுச் செய்தி வந்தது. நான் வாங்கியவற்றை மட்டும் வரிசையாக எழுதி, 64 யுவான் என்று கூட்டிப் போட்டு, அதை அனுப்பினேன். "சரிம்மா" என்று பதில் வந்தது.