பனிச்சரிவு வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மர்க் செல்லவிருப்பதாகவும், கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் மேலே ஏறிப் பனிச்சறுக்குக் காவலர்களின் கண்காணிப்பு எல்லைக்கு வெளியே பனியில் நடந்துபார்க்க விரும்புவதாகவும் சொல்லி, பனிச்சரிவு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பனிச்சறுக்குக் கற்றுக்கொள்வதற்காக இரண்டு குளிர்காலங்கள் அங்கே தங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓட முடியாது. பாளமாக உடைந்து இறங்கும் பனி, சில விநாடிகளிலேயே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். நீங்களோ முழங்கால் புதையும் பனியில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

உரக்கக் கத்தினால் பனி சரியும் என்பது சினிமாவில் மட்டும்தான். பனியில் சறுக்கவும் நடக்கவும் போனவர்களைப் பலிகொண்ட பனிச்சரிவுகளில் சுமார் பத்துக்கு ஒன்பதைக் கிளப்பிவிட்டது, அதில் சிக்கியவரின் காலடியோ அவருடன் வந்தவரின் காலடியோதான். நவம்பர், டிசம்பரில் மெல்லிய படலமாக விழும் முதல் பனி, மேகமற்ற கடுங்குளிர் இரவுகளில் ஒன்றோடொன்று ஒட்டாத பரல்களாக மாறிவிடுகிறது. அதன் மேல் ஜனவரியில் மேற்கத்திய இடையூறு எனப்படும், மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல் கொண்டுவரும் கனத்த பனியும், காற்று அள்ளிவந்து குவிக்கும் பனியும் ஏறி அமர்ந்தால், மேலே உறுதியான பாளம், கீழே உருளும் பரல் என்ற நிலை உண்டாகிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான்.

இது எனக்கு விளங்கியது ஒரு குழிக்குள் நின்றபோது. அபர்வத் மலையில் எங்கள் வழிகாட்டி, கீழிறங்குவதற்கு முன் இடுப்பளவு ஆழத்துக்குப் பனியைத் தோண்டி, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூணைச் செதுக்கி, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்துத் தட்டத் தொடங்கினார். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, அடுத்து முழங்கையிலிருந்து பத்து, கடைசியாகத் தோளிலிருந்து பத்து என்பது முறை. பதின்மூன்றாவது தட்டிலேயே மேற்பாதி, மேசையின் இழுப்பறை வெளியே வருவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்து என் முழங்காலில் மோதியது. அது விட்டுச்சென்ற இடத்தில் கைவிட்டு அள்ளினேன். சீனியை அள்ளியதுபோல் அவ்வளவும் விரலிடுக்கில் உதிர்ந்துபோயிற்று. அவர் ஒன்றும் விளக்கவில்லை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். அத்தனை பணம் கொடுத்து மேலே வந்துவிட்டு இப்படிச் செய்கிறாரே என்று எனக்கு அன்று எரிச்சல்கூட வந்தது. 2023 பிப்ரவரி 1 அன்று அதே மலையில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள்.

ஆகவே உங்கள் கேள்வியை, எந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது என்று மாற்றிக்கொள்ளுங்கள். பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் உடைகின்றன. கைபேசியிலுள்ள சாய்வுமானியைக் கொண்டே இதை அளந்துவிடலாம். நீங்கள் நிற்கும் இடம் சமதரையாக இருந்தாலும் தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால் அதுவும் ஆபத்துதான். கால் வைத்ததும் 'வும்ப்' என்று பனி உள்வாங்கும் ஒலி கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் பாய்ந்தாலோ, அன்றைய பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சண்டிகரிலிருந்து பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தினர் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

குழுவில் ஒவ்வொருவரிடமும் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சைகை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். சுவிஸ் விபத்துப் பதிவுகளின்படி, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள்; 35 நிமிடத்தில் அது மூன்றில் ஒருவராகச் சுருங்கிவிடுகிறது. மீட்புப்படை வந்துசேர்வதற்குள் இந்த நேரம் கடந்துவிடும் என்பதால், உங்களைத் தோண்டி எடுக்க வேண்டியவர் பக்கத்தில் நடப்பவர்தான். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்டாரே என்று சிலர் கேட்பதுண்டு. அவர் சிக்கியது கூடாரத்துக்குள். சில நாட்களில் அவரும் இறந்தார். தமிழ்நாட்டு வீரர்கள் உட்பட, அவருடன் இருந்த ஒன்பது பேர் உயிருடன் கிடைக்கவில்லை.

சரிவான இடத்தைக் கடக்க நேர்ந்தால் ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சிக்கிவிட்டால், பனி நிற்பதற்குள் கையை முகத்துக்கு முன்னே கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ளுங்கள். நின்றபின் அது சிமென்ட் போல் இறுகிவிடும். இன்னொன்று: டிரான்ஸீவரை மார்பில் கட்டியபின் கைபேசியை அதே பக்கத்துச் சட்டைப்பையில் வைக்காதீர்கள், அது சைகையைக் குழப்பிவிடும்; குறைந்தது 20 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், தேடும்போது அரை மீட்டர்.