திரையில் வரும் போன் நம்பர் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

பழைய பாட்டு ஒன்றை டவுன்லோட் செய்யப் போனேன். திடீரென்று கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அலறியது. 'உங்கள் கணினி முடக்கப்பட்டது, உடனே மைக்ரோசாஃப்டை அழையுங்கள், கணினியை அணைக்காதீர்கள்' என்று ஒரு நம்பரும் வந்தது. மவுஸ் வேலை செய்யவில்லை. என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

அணைத்துவிட வேண்டும். அணைத்தால் அந்த எச்சரிக்கைப் பக்கம் மறைந்துவிடும், அதனால்தான் அணைக்காதே என்கிறார்கள்.

நீங்கள் பார்த்தது வைரஸ் இல்லை, வெறும் இணையப் பக்கம். அது பிரௌசரை முழுத்திரைக்குக் கொண்டுபோய், மவுஸ் முனையை மறைத்து, ஒலிக்கோப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறது. முதலில் எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகவில்லையா? கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இந்த மூன்றை எந்த இணையப் பக்கத்தாலும் தடுக்க முடியாது, விண்டோஸ் அதை நேரடியாக வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து டாஸ்க் மேனேஜருக்குப் போய், பிரௌசரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி பிரௌசரைத் திறக்கும்போது 'ரீஸ்டோர் பேஜஸ்' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொடுத்தால் அதே சைரன் திரும்ப வரும்.

பிறகு டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள். நீங்கள் கேட்காத கோப்பு எதுவும் இறங்கியிருந்தால், திறக்காமல் அழித்துவிடுங்கள். இதே மாதிரி எச்சரிக்கை அடிக்கடி திரையின் ஓரத்தில் முளைத்தால், ஏதோ ஒரு தளத்துக்கு 'அலோ' அழுத்தியிருக்கிறீர்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் தெரியாத தளங்களை நீக்குங்கள்.

மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தாலே போலி என்று முடிவு கட்டலாம்.

ஓய்வுபெற்ற என் அப்பா அப்படி ஒரு நம்பருக்குப் பேசிவிட்டார். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் ஆப்பைப் போடச் சொல்லி, கம்ப்யூட்டருக்குள் 'நூற்றுக்கணக்கான பிழைகள்' இருப்பதைக் காட்டி, ஐந்து வருடப் பாதுகாப்பு என்று பணம் வாங்கிவிட்டார்கள். நேற்று மதியம் நடந்தது. 'அவர்கள் காட்டியது உண்மைதானே, என் கண்ணால் பார்த்தேன்' என்கிறார் அப்பா.
– வாசகி, தஞ்சாவூர்

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்போதுதான் நடந்திருந்தால், முதலில் வைஃபையை அணையுங்கள் அல்லது கேபிளைப் பிடுங்குங்கள். வேறொரு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் போன வங்கியின் பெயர், தேதி, நேரம், தொகை, யூபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க முடிந்தால்தான் திரும்ப வாய்ப்பு உண்டு. அதனால் எழுத்துப் புகாரை யோசித்து எழுதிக்கொண்டு உட்காராமல் முதலில் அழைத்துவிடுங்கள். முழுப் புகாரைச் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பிறகு பதியலாம். வங்கிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். வங்கியின் நம்பரை இணையத்தில் தேடாதீர்கள், ஏடிஎம் கார்டின் பின்புறம் இருப்பதையே பயன்படுத்துங்கள்.

நேற்று நடந்தது என்பதால் இன்றே வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி இந்த இடத்தில் கறாரானது. வாடிக்கையாளர் பக்கமும் வங்கிப் பக்கமும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போய், 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் ஓடிபியையோ பாஸ்வேர்டையோ தானே கொடுத்திருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரை போனது அவருடைய இழப்பு. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அப்பா தானே பணம் அனுப்பியிருந்தாலும் புகார் கொடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டர் அவர்கள் கையில் இருந்ததே, அடுத்த தொகை இனிமேல்தான் போகலாம்.

அப்பா கண்ணால் பார்த்ததைப் பற்றி. அவருக்குக் காட்டியது விண்டோஸில் உள்ள ஈவென்ட் வியூவர். நேற்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டரிலும் அதில் சிவப்பு, மஞ்சள் குறிகள் வரிசையாக நிற்கும். பிரின்டர் பதில் சொல்லத் தாமதித்தால்கூட ஒரு 'எரர்' பதிவாகும். இன்னொரு வித்தையும் காட்டியிருப்பார்கள். கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை அடித்தால் நீளமான பட்டியல் ஓடி நிற்கும். அதன் அடியில் 888டிசிஏ60 என்று தொடங்கும் நீண்ட எண் இருக்கும். 'ஐயா, இதுதான் உங்கள் லைசென்ஸ் நம்பர், நான் வாசிக்கிறேன், சரியா பாருங்கள்' என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். திரையில் இருப்பதும் அவர்கள் சொல்வதும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும். எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அதே எண்தான், அதனால் பொருந்துகிறது. கோப்பைச் சுருக்கி அனுப்பும் 'செண்ட் டூ' வசதியின் உள் அடையாளம் அது. வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தால் அப்பாவிடம் அதிலும் காட்டுங்கள், வாக்குவாதம் தேவைப்படாது.

கம்ப்யூட்டருக்கு வருவோம். செட்டிங்ஸில் இன்ஸ்டால்ட் ஆப்ஸ் பட்டியலை, நிறுவிய தேதி வாரியாக அடுக்குங்கள். எனிடெஸ்க் மட்டும் இருக்காது. அதன் வழியாக அல்ட்ராவியூவர், டீம்வியூவர், ஸ்கிரீன்கனெக்ட் என்று இன்னொன்றையும் போட்டுவைப்பது வழக்கம். ஒன்றை நீக்கியதும் நிம்மதியாகிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். நேற்றைய தேதியில் வந்த எல்லாவற்றையும் நீக்குங்கள், பிரௌசர் எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய், டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும்.

அப்பா அந்தக் கம்ப்யூட்டரில் நெட்பேங்கிங் பார்ப்பவர் என்றாலோ, பேசிக்கொண்டிருந்தபோது திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்திருந்தாலோ, ஸ்கேனோடு நிறுத்த வேண்டாம். படங்களையும் ஆவணங்களையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, 'ரீசெட் திஸ் பிசி' போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுங்கள். அரை நாள் வேலை, ஆனால் சந்தேகம் தீரும். பாஸ்வேர்டுகளை மட்டும் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். முதலில் இமெயில், அப்புறம் வங்கி.

இன்னும் ஒரு அழைப்பு வரும். 'எங்கள் கம்பெனியை மூடுகிறோம், உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்பார்கள். கணக்கைத் திறக்கச் சொல்லி, திரையில் ஒரு பூஜ்யத்தைக் கூட்டிக் காட்டி, 'அதிகமாக அனுப்பிவிட்டோம், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்' என்று அழுவார்கள். பிரௌசரில் தெரியும் எழுத்தை யாரும் திருத்தலாம், பக்கத்தை ரீலோட் செய்தால் பழைய தொகை வந்துவிடும். சிலர் அதற்கும் மேலே போய், அப்பாவின் வைப்புத்தொகையையே உடைத்துச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவைப்பார்கள். அப்போது ரீலோட் செய்தாலும் தொகை நிற்கும். வைப்புத்தொகையும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிமெயில் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. கணக்கில் கொடுத்த பழைய சிம் இப்போது இல்லை. 'ஜிமெயில் கஸ்டமர் கேர்' என்று தேடியதில் ஒரு நம்பர் கிடைத்தது, 2,999 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? போனை ரீசெட் செய்தால் சரியாகும் என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், திருப்பூர்

இரண்டையும் செய்யாதீர்கள்.

இலவச ஜிமெயில் கணக்கைப் போனில் பேசி மீட்டுத்தரும் சேவை கூகுளில் கிடையாது. நீங்கள் கண்ட நம்பர் யாரோ விளம்பரமாகவோ, ஏதோ தளத்தில் எழுதியோ விதைத்தது. மீட்கும் வழி ஒன்றுதான், கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம். அதற்குக் கட்டணமில்லை.

போனை ரீசெட் செய்வது இதைவிடக் கெடுதல். ஆண்ட்ராய்டு போனை, செட்டிங்ஸுக்குள் போகாமல் வெளியிலிருந்து ரீசெட் செய்தால், அது திறக்கும்போது முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கையே கேட்கும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. மெயிலோடு போனும் மாட்டிக்கொள்ளும்.

மீட்புப் பக்கம் உங்கள் பதில்களை மட்டும் பார்ப்பதில்லை, எந்தக் கருவியில், எங்கிருந்து, எந்தப் பிரௌசரில் கேட்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறது. நண்பர் வீட்டு லேப்டாப்பில் முயன்று தோற்றவர்களே அதிகம். வழக்கமாக மெயில் பார்த்த கருவியில், வீட்டு வைஃபையில் முயலுங்கள். கடைசி பாஸ்வேர்ட் கேட்டால், அதற்கு முந்தையது நினைவிருந்தாலும் அதைக் கொடுங்கள், காலியாக விடாதீர்கள். ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றால் 'ட்ரை அனதர் வே' அழுத்தினால் அடுத்த வழி வரும். அடுத்தடுத்துப் பத்து முறை தட்டினால் 'பிறகு முயலவும்' என்று கதவை மூடிவிடும். அப்போது ஒரு நாள் விட்டுவிடுங்கள். சில சமயம் கூகுளே வேண்டுமென்று தாமதித்துப் பிறகுதான் இணைப்பு அனுப்பும். உண்மையான சொந்தக்காரர் அதற்குள் கண்டு தடுக்கட்டும் என்பதற்காக.

அதற்கும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். குரோமின் பாஸ்வேர்ட் மேனேஜரில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போனில் அதே கணக்கு இன்னும் திறந்திருக்கலாம். இருந்தால் 'சைன் அவுட்' பக்கமே போகாதீர்கள். திரைப்பூட்டை மட்டும் கேட்டுப் பாஸ்வேர்டை மாற்ற விடுவதும் உண்டு.

பழைய சிம்: துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அதற்குள் என்றால் ஆதாரோடு அந்த நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்குப் போய், எண்ணை மீட்க முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கெடு தாண்டியிருந்தால், உங்கள் ஓடிபி யாரோ ஒருவரின் கைக்குப் போகும் என்று எண்ணிக்கொண்டு, வங்கியிலும் ஆதாரிலும் எண்ணை மாற்றுவதே முதல் வேலை.

கணக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் சில மெயில்கள் வருவதே இல்லை. உறவினர்களுக்கு இன்னும் என் பெயரில் பணம் கேட்டு மெயில் போகிறது.
– வாசகி, காரைக்குடி

பாஸ்வேர்டை மாற்றியதோடு நின்றிருப்பீர்கள். உங்கள் கணக்குக்குள் திருட்டுத்தனமாக வந்தவர் வைத்துவிட்டுப் போன ஏற்பாடுகள் அப்படியே இருக்கின்றன.

போன் ஆப்பில் இவை தெரியாது, கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து முழு செட்டிங்ஸுக்குப் போங்கள். 'ஃபில்டர்ஸ்' பக்கத்தில், வங்கியின் பெயரோ 'செக்யூரிட்டி' என்ற சொல்லோ உள்ள மெயில்களை இன்பாக்ஸில் காட்டாமல் குப்பைக்கு அனுப்பு என்று ஒரு விதி இருக்கும். உங்களுக்கு வராத மெயில்கள் அங்கேதான் போகின்றன. 'ஃபார்வர்டிங்' பக்கத்தில் தெரியாத முகவரி இருந்தால் நீக்குங்கள். 'அக்கவுண்ட்ஸ்' பக்கத்தில் மூன்றைப் பாருங்கள்: வேறு யாருக்காவது கணக்கைப் பார்க்க அனுமதி உண்டா, எந்த முகவரியிலிருந்து மெயில் போகிறது, 'ரிப்ளை டூ', அதாவது பதில்கள் போய்ச்சேரும் முகவரி, எது. கடைசியில்தான் விஷயம். உங்கள் முகவரியைப் போலவே ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். உறவினர் 'நிஜமாகவே நீதானா?' என்று பதில் போட்டால் அந்தத் திருடனுக்கே போய், 'ஆமாம் சித்தப்பா' என்று வரும்.

பிறகு கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதியில் தெரியாத கருவிகளை வெளியேற்றி, மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் சரிபாருங்கள். கணக்கோடு இணைக்கப்பட்ட வெளி ஆப்களையும் நீக்குங்கள், பாஸ்வேர்ட் மாற்றினாலும் அந்த அனுமதி தங்கிவிடக்கூடும். அழிந்த மெயில்கள் குப்பையில் 30 நாள் இருக்கும். முகவரிப் பட்டியல் காணாமல் போயிருந்தால் கூகுள் கான்டாக்ட்ஸில் 30 நாள் வரை பின்னோக்கிப் போகலாம்.

மீட்பு எண்ணை வேறொருவர் மாற்றியே விட்டால்? பழைய எண்ணையே மீட்புக்குப் பயன்படுத்த 7 நாள் வரை வாய்ப்பு தருகிறது கூகுள். எட்டாம் நாள் முயல்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

அவுட்லுக் கணக்கில் பழைய விவரங்களை மாற்றக் கொடுத்தேன். 30 நாள் காத்திரு என்கிறது. குறைக்க வழி உண்டா?
– வாசகர், மதுரை

இல்லை. எல்லாப் பாதுகாப்பு விவரங்களையும் ஒரேயடியாக மாற்றினால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் நிறுத்திவைக்கும். 'நான் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்பவர் எவரானாலும் போலி. இன்ஸ்டாகிராமில் 'என் கணக்கை இவர்தான் மீட்டுத்தந்தார்' என்று யாரையாவது கைகாட்டும் பின்னூட்டங்களும் அப்படித்தான்.

கூகுளிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். அவர் பேசும்போதே என் போனில் நிஜமான கூகுள் அறிவிப்பு வந்தது. அதில் 'ஆம்' அழுத்தச் சொன்னார்.
– வாசகி, கோவை

அறிவிப்பு நிஜம், ஆள் போலி. அவர் அந்த நொடியில் உங்கள் முகவரியை மீட்புப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருக்கிறார். சில நேரம் மூன்று எண்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும். சரியான எண் அவர் திரையில் இருப்பதால், 'நாற்பத்தேழைத் தொடுங்கள்' என்று அவரே சொல்லிக்கொடுப்பார். நீங்களே எங்கும் உள்நுழையாதபோது வரும் கேள்விக்கு 'இல்லை' என்பதே பதில்.

அம்மா சிங்கப்பூரில் அண்ணனோடு இருக்கிறார். அங்கே யாரிடம் கேட்பது?
– வாசகர், புதுக்கோட்டை

அங்கே ஸ்கேம்ஷீல்டு என்ற மோசடித் தடுப்பு உதவி எண் 1799. சந்தேகம் மட்டும் இருந்தாலும் அழைக்கலாம், பணம் போயிருக்க வேண்டியதில்லை.

மாட்டிக்கொள்ளும் முன்பே என்ன செய்துவைக்கலாம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகி, விழுப்புரம்

கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்பாட்டையும் கேட்கும் வசதி) இயக்கியதும் 'பேக்கப் கோட்ஸ்' எடுக்கலாம். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். சிம் தொலைந்தாலும் போன் உடைந்தாலும் அவை வேலை செய்யும். அச்செடுத்துப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வையுங்கள். போனில் படம் பிடித்து வைத்தால், அந்தப் படம் அதே கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மீட்பு மெயிலாக உங்களுடைய இன்னொரு பழைய முகவரியைக் கொடுப்பதை விட, வீட்டில் தினமும் மெயில் பார்க்கும் ஒருவருடையதைக் கொடுங்கள். இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடக்கூடும், அந்த வேலை 2023 டிசம்பரில் தொடங்கியது.