அடியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். வேலைக்கும் வெளியே சென்று வரவும் ஒரே சோடியாக, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் வெள்ளை ஸ்னீக்கர்ஸ் வாங்க விரும்புகிறேன். முகநூலில் ஒருவர் ‘தொழிற்சாலையில் மிஞ்சிய ஒரிஜினல் அடிடாஸ்’ என்று 7,500 ரூபாய்க்குத் தருகிறார். சென்ற முறை வாங்கிய சப்பாத்தின் அடி சில மாதங்களிலேயே கழன்றுவிட்டது. இதை நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். தொழிற்சாலையில் மிஞ்சிய சரக்கு எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் ஆண்டு முழுவதும் எப்படி மிஞ்சிக்கொண்டே இருக்கும்? அடிடாஸின் ஸ்டான் ஸ்மித் போன்ற மொடல் அமெரிக்காவிலேயே ஏறத்தாழ 100 டொலருக்கு விற்கப்படும்போது, கப்பல் கூலியும் இறக்குமதி வரியும் கொடுத்து அதன் கால் பங்கு விலைக்குத் திருகோணமலை வந்து சேர வழியே இல்லை. இத்தகைய தரகர்கள் படத்தில் ஒன்றைக் காட்டிப் பொதியில் வேறொன்றை வைப்பார்கள். பணத்தைக் கொடுத்த பிறகுதான் கூரியர்காரர் பொதியைப் பிரிக்க விடுவார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம் என்பது உண்மையே. ஆனால் பற்றுச்சீட்டும் முகவரியும் இல்லாதவர்மீது முறையிட்டு என்ன காண்பது? கோப்பு நகர்வதற்குள் அவர் வேறு பெயரில் பக்கம் திறந்துவிடுவார்.

ஆகவே கடைக்குப் போய், சப்பாத்தைக் கையில் எடுத்து, அடி ஓரத்தைச் சுற்றி ஓடும் தையலைப் பாருங்கள். அத்துடன் நின்றுவிட வேண்டாம். மலிவான சப்பாத்துகளில் இறப்பரிலேயே தையல் போன்ற கோடுகளை அச்சில் வார்த்துவிடுகிறார்கள். அடியைப் பிடித்து வைத்திருப்பது வெறும் பசைதான். பாதம் படும் உள்ளட்டையைத் தூக்கிப் பாருங்கள். வெளியே தெரியும் அதே தையலின் நூல் உள்ளேயும் விளிம்போரம் வரிசையாகத் தெரிந்தால் அது உண்மையான தையல். உள்ளட்டையும் ஒட்டப்பட்டிருந்தால், நகத்தால் வெளித்தையலை நெருடிப் பாருங்கள். நூலானால் இழை பிரியும்.

கன்வஸ் சப்பாத்துக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. கொன்வேர்ஸ் நிறுவனம் 1957இல் கொண்டுவந்த, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் வடிவத்தைப் போன்ற சப்பாத்துகளில், துணியைச் சுற்றி இறப்பர்ப் பட்டியை ஒட்டி, முழுச் சப்பாத்தையும் சூளையில் வேகவைத்து ஒன்றாக்குகிறார்கள். அடியில் தையல் இல்லையே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். முன்விரல் மடியும் இடத்தில் சப்பாத்தை வளைத்து, பட்டிக்கும் துணிக்கும் இடையில் வெடிப்பு விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழாவிட்டால் தாராளமாக வாங்கலாம்.

பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய இருப்பு இன்னொரு பொறி. பொலியூரித்தேன் என்ற நுரைபோன்ற பிளாஸ்ரிக்கில் செய்த அடி, பெட்டிக்குள் கிடந்தாலும் ஈரக்காற்றை இழுத்து உள்ளுக்குள்ளேயே சிதையும். புதிதாக அணிந்த அன்றே மாவாக உதிரலாம். கடற்காற்று வீசும் ஊரில் இது விரைவாகவே நடக்கும். உங்களுக்கு இறப்பர் அடிதான் ஏற்றது.

அளவை மாலையில், காலுறையுடன் பாருங்கள். பகலில் பாதம் சற்று வீங்கும். நாட்டுக்கு நாடு இலக்கம் மாறுவதால், லேபிளில் சென்ரிமீற்றர் குறித்திருந்தால் அதையே நம்புங்கள். ஐப்பசி முதல் தை வரையான மாரியில் நனைந்தால், உள்ளட்டையைக் கழற்றி நிழலில் உலர்த்துங்கள். கழுவிய சவர்க்காரம் முழுதும் போகாமல் வெயிலில் காய்ந்த வெள்ளைக் கன்வஸ் மஞ்சளாகும்.