ஆர்த்துவா சீமையின் மாவோ: அத்தைக்கும் மருமகனுக்கும் நடந்த பட்டத் தகராறு (கேள்வி பதில்)

1302 முதல் 1329 வரை வட பிரான்சின் ஆர்த்துவா சீமையை ஆண்ட மாவோவைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: சகோதரருக்கு மகன் இருந்தும் மாவோவுக்கு எப்படிப் பட்டம் கிடைத்தது?

எல்லாரும் முதலில் தடுமாறும் இடம் இது. மாவோவின் தந்தை இரண்டாம் ரொபேர் 1302 ஜூலை 11 அன்று குர்த்ரே போரில் இறந்தார். ஒரே மகன் ஃபிலிப் 1298-லேயே போய்விட்டார். ஃபிலிப்பின் மகன் ரொபேருக்கு அப்போது 15 வயது. பாட்டன் சொத்து பேரனுக்குத்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஆர்த்துவாவின் ஊர் வழக்கப்படி, இறந்த தகப்பனின் இடத்தில் மகன் நின்று பங்கு கேட்க முடியாது. உயிரோடிருக்கும் பிள்ளைக்கே உரிமை, அது மகளானாலும் சரி. 1309-இலும் 1318-இலும் தீர்ப்பு மாவோ பக்கமே வந்தது.

கேள்வி: பெண் என்பதால் பெயரளவுக்குத்தான் பட்டமா?

இல்லவே இல்லை. 1297-இல் ஆர்த்துவாவுக்கு பிரான்சின் 'பேர்' தகுதி தரப்பட்டது. அதாவது, அரசருக்கு அடுத்த வரிசை. 1317 ஜனவரியில் ரேம்ஸ் நகரில் மருமகப்பிள்ளை ஐந்தாம் ஃபிலிப் முடிசூடியபோது, அவர் தலைக்கு மேல் கிரீடத்தைத் தாங்கிப் பிடித்த கைகளில் மாவோவின் கையும் ஒன்று. அந்த ஃபிலிப், தன் அண்ணனின் சின்னஞ்சிறு மகளை ஒதுக்கிவிட்டுத்தான் அரியணை ஏறினார். சீமைக்கு ஒரு வழக்கம், அரியணைக்கு வேறொன்று. அந்தச் சிறுமியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: கணவர் வழியில் பர்கண்டியும் மாவோவுக்கு வந்ததா?

வரவில்லை. கணவர் நான்காம் ஓத்தோ 1295-லேயே தன் பர்கண்டி கவுன்ட் (ஒரு பிரபுப் பட்டம்) சீமையை மகள் ஜானுக்குச் சீதனமாக எழுதிவிட்டார். பக்கத்திலிருந்த பர்கண்டி டியூக் (கவுன்டுக்கு மேலான பட்டம்) சீமை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வழக்கில் தோற்ற சகோதரர் மகன் ரொபேர் அதோடு விட்டுவிட்டாரா?

எங்கே விட்டார்! 1328-இல் அவருடைய மைத்துனர் ஆறாம் ஃபிலிப் அரசரானதும் துணிச்சல் வந்தது. ஜான் தெ திவியோன் என்ற பெண்ணை வைத்துக் கள்ளப் பத்திரங்கள் தயாராயின. பழைய உண்மைப் பத்திரங்களிலிருந்து மெழுகு முத்திரையைப் பெயர்த்து, புதிதாக எழுதிய தோலில் ஒட்டினார்கள். குட்டு வெளிப்பட்டது. 1331-இல் அந்தப் பெண்ணை எரித்துக் கொன்றார்கள். எழுதச் சொன்ன ரொபேருக்கோ அடுத்த ஆண்டு நாடுகடத்தல் மட்டும்! அப்புறம் அவர் இங்கிலாந்து போய் அந்நாட்டு அரசர் மூன்றாம் எட்வர்டிடம் சேர்ந்துகொண்டார்.

கேள்வி: கடைசியில் பட்டம் யாருக்குப் போனது?

மாவோ 1329 நவம்பரில் இறந்தார். மகள் ஜானிடம் அது இருந்தது சில வாரங்கள்தான். 1330 ஜனவரியில் அவரும் இறந்தார். பிறகு பேத்தி, அவரும் ஜான்தான். அந்தப் பேத்தியின் பேரன் 1361-இல் வாரிசில்லாமல் இறந்ததும் மாவோவின் இன்னொரு பேத்தி மார்கரித் ஆர்த்துவாவின் கவுன்டஸ் ஆனார்.