கேள்வி பதில்: சுவீடன் இரும்புப் பீரங்கியும் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களும்

கேள்வி: வெண்கலப் பீரங்கி பாதுகாப்பானது என்கிறார்கள். பிறகு ஏன் ஐரோப்பியக் கப்பல்கள் இரும்புக்கு மாறின, ஐயா?

பதில்: வெண்கலம் பெரும்பாலும் உப்பிக் காட்டிய பிறகே வெடிக்கும், வார்ப்பிரும்போ சொல்லாமல் சிதறி, அருகில் நிற்பவரைக் கொல்லும். ஆனால் இரும்பின் விலை வெண்கலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கப்பலொன்றுக்குப் பல பீரங்கிகள் வாங்கும் வணிகருக்கு அந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது.

கேள்வி: இரும்புப் பீரங்கியில் இங்கிலாந்துதானே முன்னோடி? சுவீடன் எப்படி முந்தியது?

பதில்: ஆம், 1543இல் சசெக்ஸின் பக்ஸ்டெட்டில் வார்ப்பு தொடங்கியது. ஆங்கிலேயர் பீரங்கி எதிரிகளின் கைக்குப் போகாதிருக்க எலிசபெத் அரசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தார்; அந்த இடைவெளியில் டச்சு முதலீடு சுவீடனுக்குச் சென்றது. அங்கே தரமான தாது, கரிக்குக் காடு, சக்கரம் சுழற்ற ஆற்றுநீர் என மூன்றும் அருகருகே இருந்தன. இன்றைய பெல்ஜியத்தின் லீஜ் நகரில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வணிகம் செய்த லூயி டி கீர், சுவீடனின் ஃபின்ஸ்பாங் ஆலையைக் கைக்கொண்டு, தம் ஊர்ப்பக்கத்தில் பிரெஞ்சு சார்ந்த மொழி பேசும் வல்லோன் தொழிலாளர்களை வரவழைத்தார். உலைக்கடியில் வெட்டிய குழியில் களிமண் அச்சை நிறுத்தி, நடுவே தண்டு வைத்து, சுற்றிலும் உருகிய இரும்பைப் பாய்ச்சினார்கள். ஆறியபின் அச்சை உடைத்து, உள்துளையை நீர்ச்சக்கரத்தின் விசையால் கடைந்தார்கள். துளை கோணலானால் குண்டு குறி தவறும் என்பதால், என் கணிப்பில் ஆலையின் பெயரைக் காத்தது இந்தக் கடைசல்தான்.

கேள்வி: போரிடும் இரு தரப்புக்குமே ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் விற்றார்களா?

பதில்: ஒரே வணிகர் விற்றதாகச் சொல்வதைவிட, ஒரே சந்தை விற்றது என்பதே சரி. 1643இல் சுவீடன் டென்மார்க் மீது படையெடுத்தபோது, டி கீர் நெதர்லாந்தில் சுமார் 30 கப்பல்களை ஆயுதங்களுடன் திரட்டி சுவீடனுக்கு அனுப்பினார். டென்மார்க்கிற்கு ஆயுதம் தந்ததும் ஆம்ஸ்டர்டாமோடு தொடர்புடைய மார்செலிஸ் குடும்பமே. டென்மார்க்கை ஆண்டவர் நான்காம் கிறிஸ்டியன்; 1620இல் நம் தரங்கம்பாடியில் கோட்டை எழுந்தது இவர் காலத்தில்தான். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலான எரெசுண்ட் நீரிணையில் இவர் உயர்த்திய சுங்கம் டச்சு வணிகருக்கு எரிச்சலூட்டியிருந்ததால், ஆம்ஸ்டர்டாமில் கப்பல் திரட்டுவது டி கீருக்குக் கடினமாகவில்லை. 1644 அக்டோபரில் பால்டிக் கடலின் ஃபெமார்ன் தீவருகே டென்மார்க் கப்பற்படை நொறுங்கியது.

கேள்வி: 1628இல் மூழ்கிய சுவீடன் போர்க்கப்பல் வாசாவில் இருந்தவையும் இரும்புப் பீரங்கிகளா?

பதில்: இல்லை, அதன் 64 பீரங்கிகளும் வெண்கலம். இரும்பை வெளிநாட்டிற்கு விற்ற சுவீடன், தன் மன்னரின் கப்பலுக்கு விலையுயர்ந்ததையே வைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை 1660களில் மூழ்குமணியில் (உள்ளே காற்று அடைந்திருக்கும் மணி வடிவக் கூண்டில்) இறங்கி மீட்டுவிட்டார்கள்.