பழைய குழுவை விட்டு வந்த ராக் பாடகர்களின் தனி ஆல்பங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

ஓஸி ஆஸ்போர்ன் 1980இல் வெளியிட்ட ‘பிளிஸார்ட் ஆஃப் ஓஸ்’. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. ரானி ஜேம்ஸ் டியோவின் ‘ஹோலி டைவர்’, டேவிட் லீ ராத்தின் ‘ஈட் எம் அண்ட் ஸ்மைல்’ இரண்டையும் இன்றும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் புதிதாகச் சேர்ந்த ஆட்கள் ஒரு பாடகரின் குரலுக்கே வேறு வழி திறந்துவிட்டது இந்த ஆல்பத்தில்தான்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1979இல் குடி, போதை காரணமாக, ஓஸி பாடிவந்த பிளாக் சப்பாத் குழு அவரை வெளியேற்றியது. அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் ஓட்டல் அறையில் அடைந்து கிடந்து குடித்தே அழிந்துகொண்டிருந்தார். சப்பாத்தோ டியோவைக் கூட்டிவந்து 1980 ஏப்ரலில் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்ற அபாரமான ஆல்பத்தைக் கொடுத்துவிட்டது. ஓஸியின் கதை முடிந்தது என்று பலரும் நினைத்த நேரம். ஜெட் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் டான் ஆர்டனின் மகள் ஷாரன்தான் (பிறகு ஓஸியின் மனைவி) அவரை எழுப்பி உட்காரவைத்து, புதுக் குழு அமைக்கத் தூண்டியவர்.

அப்படி அமைந்த குழுவைப் பாருங்கள். பேஸ் கிட்டாருக்கு ரெயின்போவில் வாசித்த ஆஸ்திரேலியர் பாப் டெய்ஸ்லி. டிரம்ஸுக்கு யூரியா ஹீப்பின் லீ கெர்ஸ்லேக். கீபோர்டுக்கு டான் ஏரி. கிட்டாருக்கு மட்டும், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வெளியே அவ்வளவாக யாருக்கும் தெரியாத 23 வயதுப் பையன் ரேண்டி ரோட்ஸ். அவருடைய அம்மா கலிஃபோர்னியாவில் ஓர் இசைப் பள்ளி நடத்திவந்தார். ரேண்டி அங்கே மாணவர்களுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்துக்கொண்டே குவயட் ரயட் குழுவில் வாசித்தவர். பின்னாளில் சுற்றுப்பயணம் போகும் ஊர்களில்கூட கிளாசிக்கல் கிட்டார் ஆசிரியர்களைத் தேடிப்பிடித்துப் பாடம் கேட்டவர். அந்தப் படிப்பு ஆல்பம் முழுக்கக் கேட்கும்.

சரி, குரலுக்கு வருவோம். சப்பாத்தின் ‘அயர்ன் மேன்’ பாடலைக் கேளுங்கள். டோனி அயோமியின் கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) எந்த மெட்டில் போகிறதோ, அதே மெட்டில் ஓஸியும் பாடுவார். அது ஒரு தனி அழகு, மறுக்கவில்லை. ஆனால் குரல் அங்கே கிட்டாரின் நிழல்தான். இப்போது ‘கிரேஸி டிரெயின்’ போடுங்கள். எஃப் ஷார்ப் மைனர் என்ற இருண்ட ஸ்வரவரிசையில் மிரட்டலாக ஒரு ரிஃப் தொடங்குகிறது. பாட்டு அதே இருட்டில் போகும் என்று நாம் நினைக்கும்போது, சரணத்தில் சட்டென ஏ மேஜர் என்ற வெளிச்சமான ஸ்வரவரிசைக்குத் திரும்புகிறது, ஜன்னலைத் திறந்தாற்போல. ரேண்டி அங்கே குரலுக்கு இடம் விட்டு வாசிக்கிறார். ஓஸி வாய் மூடும் சின்ன இடைவெளிகளில் மட்டும் உள்ளே வந்து ஒரு பிடி பிடித்துவிட்டு ஒதுங்குகிறார். ஓஸிக்கு இவ்வளவு நல்ல மெட்டுணர்ச்சி உண்டு என்பது எனக்குப் புரிந்ததே இந்தப் பாட்டில்தான். ‘குட்பை டு ரொமான்ஸ்’ இன்னும் ஒரு படி மேல். ஓஸி முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு மெட்டுக்கு ரேண்டி உட்கார்ந்து கார்டு (ஸ்வரக்கூட்டு) சேர்த்துப் பிறந்த பாட்டு அது. சப்பாத் வாழ்க்கைக்கு விடை சொல்லும் பாட்டு.

அப்புறம், அதிகம் பேசப்படாத பாப் டெய்ஸ்லி. சப்பாத்தில் பெரும்பாலான வரிகளை எழுதியவர் பேஸ் வாசித்த கீஸர் பட்லர். ஓஸி பாடுபவர், வரி எழுதுவதில் அவ்வளவு நாட்டம் இல்லாதவர். புதுக் குழுவிலும் அந்த வேலை பேஸ்காரர் தலையில்தான் விழுந்தது. ‘கிரேஸி டிரெயின்’ வரிகளில் இருக்கும் பனிப்போர் பயம் டெய்ஸ்லியின் பேனாவிலிருந்து வந்தது. இந்த ஆல்பத்தை ஓஸி, ரேண்டி என்று இரண்டு பெயரோடு முடித்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ‘பிளிஸார்ட் ஆஃப் ஓஸ்’ என்பது முதலில் குழுவின் பெயராகவே பேசப்பட்டது. அட்டையில் ஓஸியின் பெயர் பெரிதாக வந்ததும் அது தனி ஆல்பமாகிவிட்டது. அடுத்த ஆல்பமான ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ நிலைமை இன்னும் மோசம். அதில் வாசித்தது டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும். அட்டையில் இருந்ததோ பிறகு வந்து சேர்ந்த ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் பெயர்கள்.

அது போதாதென்று, உரிமைத்தொகை வழக்குகளுக்கிடையே 2002இல் வந்த மறுபதிப்பில் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் வாசித்ததையே அழித்துவிட்டு, ராபர்ட் ட்ரூஹியோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாகப் பதிவு செய்தார்கள். இருவரும் பெரிய கலைஞர்கள், குறை சொல்லவே முடியாது. ஆனாலும் பாட்டு ஒட்டவில்லை. டெய்ஸ்லி ரேண்டியின் கிட்டாருக்கு அடியில் தனியாக ஒரு மெட்டே ஓட்டிக்கொண்டிருப்பார். அது ஒரே அறையில் சேர்ந்து வாசித்தவர்களுக்கு இடையில் உருவாவது. இருபது வருடம் கழித்து மேலே ஒட்டவைக்க முடியாது. ரசிகர்கள் விடாமல் கேட்டதற்கு 2011 பதிப்பில் பழைய ஒலியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதனால் புதிதாகக் கேட்பவர்கள் 2002 பதிப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஹெட்போனில் கேளுங்கள். ‘கிரேஸி டிரெயின்’ சோலோவை (கிட்டார் தனி வாசிப்பை) ரேண்டி மூன்று முறை அச்சு அசலாக வாசித்து அடுக்கியிருக்கிறார். இடது, நடு, வலது என்று மூன்றும் ஒன்றாக ஓடும்போதும் ஓரங்களில் மயிரிழை வித்தியாசம் கேட்கும், அதுதான் அந்த ஒலியின் பளபளப்பு. ‘மிஸ்டர் க்ரௌலி’ தொடக்கத்தில் டான் ஏரியின் கீபோர்டைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். ஆல்பத்தின் நடுவில் ‘டீ’ என்று ஒரு நிமிடம்கூட ஓடாத கிட்டார் துண்டு வரும், ரேண்டி தன் அம்மாவுக்காக வாசித்தது. 1982 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தபோது ரேண்டிக்கு வயது 25. ஓஸியோடு அவர் ஸ்டுடியோவில் முடித்துக்கொடுத்த முழு ஆல்பங்கள் இரண்டே இரண்டு. இதைக் கேட்டு முடித்ததும் ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ கேளுங்கள், அதன் தலைப்புப் பாட்டில் தொடங்கி.